சூப்புச்சட்டியின் அடியில் இருக்கும் புள்ளிகள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் கையால்தான் சோறு தின்று வளர்ந்தன. ஐந்தும் இன்று அவரவர் வீட்டில் நன்றாக இருக்கின்றன. எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பேருந்தின் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நான் சொல்லச் சொல்ல இதை என் பேத்தி மலர்விழி எழுதுகிறாள். அவள் இஷ்டத்துக்கு வார்த்தையை அலங்காரம் பண்ணக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு போன். காரைக்காலில் நான் வேலை பார்த்த வீட்டை ஊரில் சைகோன் வீடு என்பார்கள். இப்போது அங்கே வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிறார்கள். நடத்துவது என் மதாமின், அந்த வீட்டு எஜமானியம்மாளின், பேத்தி சோஃபி. அவள்தான் போனில் கூப்பிட்டாள்.

"பாக்கியம்மா, சூப்புச்சட்டிக்குள்ள அடியில புள்ளி புள்ளியா கறுப்பு இருக்கு. பொண்ணுங்க எவ்ளோ தேய்ச்சாலும் போகல. சென்னையில மெஷின் போட்டு ஒரு சுத்து எடுத்தா வழுவழுன்னு ஆயிடுங்கிறாங்க. அனுப்பிரட்டுமா?"

"அனுப்பாதம்மா. அது என்னன்னு நான் எழுதி அனுப்புறேன். படிச்சிட்டு அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களும் தெரிந்துகொள்ளட்டும்.

மதாமின் மாமனார் சைகோனில் பிரெஞ்சுக்காரர் கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். அங்கே ஒரு பிரபு வீட்டு அம்மாள் தன் தேசத்துக்குத் திரும்பும்போது, கொண்டுபோக முடியாமல், மேசைச் சாமான் முழுவதையும் இவரிடம் விட்டுப் போனாள். எல்லாம் வெள்ளி. தட்டு, கரண்டி, மெழுகுவர்த்தித் தண்டு, சாறு ஊற்றுகிற மூக்குக் கிண்ணம், பழத்தட்டு. ஒவ்வொன்றிலும் அந்தப் பிரபு வீட்டு முத்திரை வெட்டியிருக்கும். மேலே ஒரு கிரீடம், கீழே ஒற்றைக் காலில் நிற்கிற ஒரு கொக்கு. நம் வயலில் நிற்கிற கொக்கை எந்தப் பிரபு கண்டான் என்று எனக்கு முதல் நாள் சிரிப்பாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் தலை அந்தச் சூப்புச்சட்டி. மதாம் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் சொல்வார். எங்கள் வாயில் அது சூப்புச்சட்டிதான். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல அகலம். நான்கு கால், ஒவ்வொன்றும் சிங்கத்தின் பாதம். இரண்டு பக்கமும் கொடி சுற்றிய பிடி. மூடியின் உச்சியில் இதழ் இதழாக விரியப் போகிற ஒரு மொட்டு. நான் தாமரை மொட்டு என்றேன். "அது காய், பாக்கியம். வெள்ளைக்காரங்க சமைச்சுச் சாப்பிடுற காய்" என்றார் மதாம். அந்தக் காயை இன்றுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு அது தாமரைதான்.

என் வீட்டுக்காரர் இறந்த மறுவருடம் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனேன். பெருக்கத் துடைக்கத்தான் போனேன். என் கை பதறாமல் இருப்பதைப் பார்த்துத்தான் மதாம் என்னை வெள்ளி அலமாரிக்கு மாற்றினார். அங்கேயும் முதலில் கரண்டியைக்கூடத் தொட விடவில்லை, துணி துவைக்கத்தான் வைத்தார். பழைய வேட்டித் துணியில் கஞ்சி ஒட்டாமல், ஒரு மணல்கூட இல்லாமல் அலசி எடுக்க வேண்டும். ஒரு மணல் இருந்தால் வெள்ளியில் ஒரு கோடு.

அந்தப் பெண்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை கரைத்துக் கழுவ வேண்டும். கத்தியை மட்டும் தண்ணீரில் ஊறப் போடக் கூடாது. அதன் வெள்ளிப் பிடிக்குள்ளே அரக்கு வைத்திருப்பார்கள், சூட்டுக்கு இளகிப் பிடி தனி, கத்தி தனி ஆகிவிடும். பிறகு பிரான்சிலிருந்து வரும் வெள்ளைப் பொடியைக் குழைத்துப் பூச வேண்டும். அது தீர்ந்துபோனால் விபூதியை மெல்லிய துணியில் சலித்து எடுத்துக்கொள்ளலாம். மதாம் கோயிலுக்குப் போகிறவர் இல்லை, மாதா கோயில்தான். ஆனாலும் "உங்க விபூதி எங்க பொடிய விட நல்லா இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். தேய்ப்பது நீளவாக்கில், ஒரே பக்கமாக. வட்டம் போட்டால் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். கொடிவேலைப் பள்ளத்தில் நிற்கிற கறுப்பைத் தோண்டக் கூடாது, அது இருந்தால்தான் இலை இலையாகத் தெரியும். துடைத்து, ஈரம் போக உலர்த்தி, பிளானல் துணியில் சுற்றி, அலமாரியில் சூடக்கட்டி போட்டு வைக்க வேண்டும். கடற்காற்று சும்மா விடாது. கிளிஞ்சல்மேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் எனக்கு முதலில் தெரிவது அலமாரியில்தான்.

மதாம் திட்ட மாட்டார். நான் துடைத்தது சரியில்லை என்றால் என் கையிலிருந்து வாங்கி, ஒன்றும் பேசாமல் அவரே இன்னொரு தரம் துடைத்து, திரும்ப என் கையில் கொடுப்பார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும். விருந்து முடிந்ததும் அவர் கண் முதலில் போவது உப்புக்கிண்ணத்துக்கு. அதன் உள்ளே பொன் முலாம் பூசியிருக்கும். அப்படியிருந்தும் உடனே கொட்டிக் கழுவ வேண்டும். "பாக்கியம், வெள்ளிக்கு எமன் உப்புதான்" என்பார்.

என் கடைசிப் பெண் கற்பகத்துக்குக் குரும்பகரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல விவசாயக் குடும்பம். ஆவணியில் கல்யாணம். நான் மதாமிடம் லீவு மட்டும்தான் கேட்டேன். கல்யாணத்தன்று காலையில் மண்டபத்து வாசலில் சைகோன் வீட்டுக் கார் வந்து நிற்கிறது. டிரைவர் இறக்கி வைத்தது சூப்புச்சட்டி. உள்ளே துணி விரித்து நிறையக் கற்கண்டு. "வர்றவங்களுக்குக் கொடுக்க மேசையில வைக்கச் சொன்னாங்க மதாம்" என்றார். என் பெண் கல்யாணத்தில் பிரபு வீட்டு வெள்ளி! சந்தனக் கிண்ணத்துக்கும் பன்னீர்ச் செம்புக்கும் நடுவில் அதை வைத்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் போனது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சாயங்காலம் பெண்ணை அனுப்புகிற நேரம். சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்திருந்தோம். நான் மருமகனுக்குத் திருநீறு பூசிவிட்டுத் திரும்பினால், கற்கண்டு தீர்ந்த சூப்புச்சட்டி சீர்த்தட்டுகளோடு நிற்கிறது. மூடியின் மொட்டில் யாரோ மல்லிகைச் சரம் சுற்றிவிட்டிருந்தார்கள். சம்பந்தி ராஜாமணி அம்மாள், மாப்பிள்ளையின் தாயார், அதன் முன்னால் நின்று உரக்கச் சொல்கிறார்:

"ஏ சம்பந்தி! வெள்ளியில தாமரை வச்ச கலசமா? ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க! எங்க மருமவ மகாலட்சுமியாட்டம்ல வர்றா!"

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கற்பகம் கூறைப்புடவையோடு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் அது யாருடையது என்று. நான் வாயைத் திறந்தால், இரவல் வெள்ளியைக் காட்டிப் பெண்ணைக் கொடுத்தவள் என்கிற பேச்சு அவளுக்கு முன்னால் குரும்பகரம் போய்ச் சேரும். திறக்கவில்லை. சட்டி வண்டியேறிப் போனது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மதாமிடம் போய் நின்றேன். அவர் மேசைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"பொண்ணு சந்தோசமா போனாளா?"

"போனா, மதாம்."

"அப்ப முதல்ல போயி காபி குடி."

குடித்துவிட்டு வந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "நான் அனுப்புன சாமான். நான் கேட்டு வாங்குனா, அனுப்புனதே அசிங்கம். நீ கேட்டா உன் பொண்ணுக்கு அசிங்கம். ஆனா ஒண்ணு பாக்கியம், அது எனக்கு மட்டும் சொந்தமில்ல. பெரிய முசியேக்கும் பாதி. கிறிஸ்மசுக்கு அவரு வர்றாரு."

பெரிய முசியே என்றால் பெரிய ஐயா, மதாமின் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன். பாரிசில் இருந்தார். மதாமின் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டையும் சாமானையும் நம்பி மதாமிடம் விட்டிருந்தார். கிறிஸ்மசுக்கு வந்தால் மேசைக்கு நடுவில் சூப்புச்சட்டி இருக்க வேண்டும், மூடியை அவர்தான் திறக்க வேண்டும். அது அவர் அப்பா காலத்து வழக்கம். இல்லையென்றால் மதாம் என்ன பதில் சொல்வார்? சாமான் மேசையில் வேண்டும், என் பெண்ணும் தலை நிமிர்ந்து வாழ வேண்டும். இரண்டும் எப்படி நடக்கும் என்று எனக்குப் புரியவில்லை. இருக்கிற இடத்தில் பத்திரமாகத்தானே இருக்கும் என்று நாளைக் கடத்தினேன்.

தலை தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை கடைத்தெருப் பக்கம் போன நேரம் கற்பகம் அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, அந்தச் சட்டியில அத்தை கல்லுப்பு கொட்டி வச்சிருக்காங்க."

கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். "என்னாது?"

"உப்பும்மா. நான் வீட்டுக்குள்ள கால் வச்ச அன்னிக்கே விளிம்பு வரைக்கும் கொட்டி, சாமி ரூம்ல வச்சாங்க. லட்சுமியாம், யாரும் கை வைக்கக் கூடாதாம். இப்ப மழைக்கு உப்பு கசிஞ்சு, ஓரத்துல நீலமும் பச்சையுமா வழியுது. மாமாகிட்டகூட அத்தை சொல்லல. என்னைய மட்டும் ஒரு மாதிரி பாக்குறாங்க. முந்தாநாளு, 'நீ கால் வச்ச நேரம்'னு ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள மாமா உள்ள வந்துட்டாரு."

ராஜாமணி அம்மாளைக் குற்றம் சொல்ல மாட்டேன். புதுப்பெண் வந்த வீட்டில் உப்பு நிறைத்து வைப்பது நம் பக்கத்து வழக்கம்தான். மண்பானையில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மருமகள் கொண்டுவந்ததிலேயே உயர்ந்ததில் வைக்க ஆசைப்பட்டுவிட்டார். அந்த ஆசைதான் வெள்ளியைத் தின்றுகொண்டிருந்தது. இப்போது என் பெண்ணையும் தின்ன ஆரம்பித்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் அபசகுனம், திறந்தால் அவள் இரவல். இதுதான் நிலைமை.

மதாமிடம் சொன்னேன். "உப்பா?" என்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்:

"பாக்கியம், நான் அன்பளிப்பா கொடுத்தேன்னு அவங்ககிட்ட சொல்லிரு. அது உன் பொண்ணோடதாவே இருக்கட்டும். உப்பை மட்டும் எடுக்கச் சொல்லு. பெரிய முசியேகிட்ட நான் பேசிக்கிறேன்."

எந்த வீட்டில் நடக்கும் இது? அந்த வார்த்தைக்காகவே அவர் காலில் விழலாம். ஆனால் நான் விழவில்லை.

"வேணாங்க மதாம். மூத்தார் முன்னாடி நீங்க தலை குனியவா இத்தன வருசம் இதைத் தேய்ச்சேன்? நான் போயிட்டு வர்றேன்."

விபூதி, துணி, பூந்திக்கொட்டை எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு குரும்பகரம் போனேன். தீபாவளி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பியிருந்தார்கள். ராஜாமணி அம்மாள் வாசலிலேயே நின்றார்.

"வாங்க சம்பந்தி. சொல்லாம கொள்ளாம?"

"வெள்ளி கறுத்துப்போச்சுன்னு கற்பகம் சொன்னா. தேய்ச்சுக் கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் முகம் மாறிவிட்டது. சாமி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சட்டியைப் பார்த்தேன். வெளியெல்லாம் இரும்புச்சட்டி போலக் கறுத்து, கொக்கு எங்கே கிரீடம் எங்கே என்று தெரியவில்லை. விளிம்பில் மயில்துத்தம் வழிந்த மாதிரி நீலம். அதற்கும் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

"ராத்திரி தூக்கமில்ல சம்பந்தி. உப்பு நீலமா மாறி எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"தண்ணி கொண்டாங்க" என்றேன்.

பின்கட்டில் உட்கார்ந்தேன். உப்பு இருக்கும்போது கை வைத்துச் சுரண்டினால் கல் கீறிவிடும். கல்லுப்பை மெல்லச் சாய்த்துக் கொட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றி மிச்சம் கரையும்வரை காத்திருந்தேன். கொட்டினேன், திரும்ப ஊற்றினேன். நாக்கில் வைத்துப் பார்த்து, கரிப்பு சுத்தமாகப் போன பிறகுதான் பூந்திக்கொட்டைத் தண்ணீர். பிறகு விபூதி. நீளவாக்கில், ஒரே பக்கமாக. ராஜாமணி அம்மாள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார். துணி கறுக்கக் கறுக்க வெள்ளி வெளுத்து, கிரீடம் வந்தது. அப்புறம் நீளக் கால்.

"இதென்ன, கொக்கா?"

"கொக்குதான்."

"கலசத்துல எதுக்கு சம்பந்தி கொக்கு?"

துணியைக் கீழே வைத்துவிட்டேன். "சம்பந்தி, முதல்ல ஒண்ணு. இது சாமி குத்தம் இல்ல. என் பொண்ணு கால் வச்ச நேரமும் இல்ல. வெள்ளியும் அதுல கலந்த செம்பும் உப்போட ஈரத்துல கெடந்தா இப்படித்தான் ஆவும், யாரு வீடா இருந்தாலும். ரெண்டாவது, இது கலசம் இல்ல. எங்க சீரும் இல்ல. நான் வேலை பாக்குற வீட்டுல சூப்பு ஊத்துற சட்டி. கற்கண்டு வைக்கக் கொடுத்து விட்டாங்க. அன்னிக்கு அத்தன பேரு நடுவுல எனக்கு வாய் வரல."

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. ராஜாமணி அம்மாள் எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப, என் மருமவ மேல ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"ஏ கற்பகம்! இங்க வாடி. ஒங்கம்மா சொல்றதக் கேட்டியா? நான் பாட்டுக்கு ராத்திரியெல்லாம் பயந்து செத்துக்கிட்டு கெடக்குறேன்!" என்று கூப்பிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன உங்கள முழுங்கியா இருப்பேன்?" என்றார்.

"முழுங்கியிருப்பீங்க."

ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஆமா, முழுங்கித்தான் இருப்பேன்!"

"ஊருல என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். அதுதான் எனக்கு முள்ளாக இருந்தது.

"உள்ளதச் சொல்லுவேன். இந்தக் கலசத்தப் பாக்க வந்தவளுங்களுக்குக் காபி போட்டே எங்க வீட்டுப் பாலு தீந்துச்சு. இனிமே வர மாட்டாளுங்கன்னா எனக்கு மிச்சம். இந்தாங்க, எம் மருமவள எவளாவது இரவல்னு சொல்லட்டும், அப்புறம் இருக்கு."

நான் கிளம்பினேன். விடவில்லை. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாக அனுப்ப மாட்டேன் என்று, குறுவையில் விளைந்த புதுப் பச்சரிசியைக் கொண்டுவந்தார்.

"உள்ள துணி விரிச்சுக் கொட்டுங்க, சம்பந்தி."

"அரிசிகூடவா தின்னும்?"

"தின்னாது. ஆனா இனிமே நான் எதையும் நம்புறதா இல்ல."

சைகோன் வீட்டு மேசையில் சட்டியை வைத்தேன். மதாம் மூடியைத் திறந்து, அரிசியைப் பார்த்து, இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்தார். அரிசியைத் துணியோடு தூக்கி எடுத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். அடியில் உப்பு தின்ற இடம் ஊசியால் குத்தின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. என்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தேன், அது போகவில்லை என்றேன். விரலால் ஒவ்வொன்றையும் தடவினார். குறை இருந்தால் என் கையிலிருந்து வாங்கி அவரே துடைப்பார் என்று சொன்னேனே, துணி என் கையில்தான் இருந்தது. அன்று அவர் வாங்கவில்லை.

கிறிஸ்மசுக்குப் பெரிய முசியே வந்தார். மூடியைத் திறந்தவர் திகைத்துவிட்டார். உள்ளே சூப்பு இல்லை, ராஜாமணி வீட்டு அரிசியில் சர்க்கரைப் பொங்கல். மதாமின் உத்தரவு. அவர் சாப்பிட்டார், இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். சட்டி காலியானதும் அடி தெரிந்தது.

"இதென்ன புள்ளி?"

மதாம் தமிழிலேயே சொன்னார், எனக்கும் கேட்கட்டும் என்று. "பாக்கியத்தோட சம்பந்தி வீட்டு உப்பு. புதுசா வந்த பொண்ணு நல்லா இருக்கணும்னு வச்சாங்க."

பெரிய முசியே குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னிடம், "பொண்ணு நல்லா இருக்காளா?" என்றார்.

"நல்லா இருக்கா, முசியே. மாசமா இருக்கா."

"அப்ப உப்பு வேலை செஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, மூடியை எடுத்து அவரே மூடினார்.

அதற்குப் பிறகு நான் கால் வலி வந்து நிற்கும் வரைக்கும் அந்தச் சட்டியை எத்தனையோ தரம் துடைத்திருக்கிறேன். அந்தப் புள்ளிகளின் மேல் துணி போகும்போது மட்டும் விரல் கொஞ்சம் மெதுவாகும். மதாமும் இன்று இல்லை, ராஜாமணி அம்மாளும் இல்லை. எனக்குச் சோறு போட்ட வீடும், என் பெண்ணைத் தாங்கின வீடும் ஒரே சட்டிக்குள் தொட்டுக்கொண்ட இடம் அது ஒன்றுதான். சோஃபிம்மா, மெஷின் போட்டால் போய்விடும், சந்தேகமில்லை. எதற்குப் போக வேண்டும்? பெண்களிடம் சொல், தேய்க்காதீர்கள், துடைத்தால் போதும் என்று.

மலரு, எழுதியது போதும், பேனாவை வை. அன்று உன் அம்மா வயிற்றில் இருந்தது நீதான். முதலிலிருந்து படி, கேட்கிறேன். உப்பு வருகிற இடத்தில் மட்டும் நிறுத்திப் படி. அது உன் அப்பாயி ராஜாமணி அம்மாள் கொட்டியது.